எழுதினவங்களுக்கு பத்து மார்க், எழுதாதவளுக்கு பூஜ்யமா?

இந்த தடவை வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே விஷயம், மார்க். இன்டர்னல், கிரேஸ், பர்சன்டைல்னு ஆளாளுக்கு ஒரு வருத்தம். மத்த கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதுக்கு மட்டும் பதில் எழுதுறேன். பேர் போட வேண்டாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால ஏரியா மட்டும் போட்டிருக்கு.

கேள்வி: மேடம், என் பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். போன மாசம் மேத்ஸ் இன்டர்னல், 50 மார்க் பேப்பர். அதுல ஒரு 10 மார்க் கேள்வி சிலபஸ்லயே இல்லாத இடத்துல இருந்து வந்திருச்சு. இது நம்ம போர்ஷனே இல்லையேனு இவ விட்டுட்டா, மீதி 40-க்கு 34 எடுத்திருக்கா. பசங்க போய் கேட்டதும் அந்த மிஸ், யார் யார் அந்த கேள்விய எழுதியிருக்காங்களோ அவங்களுக்கு மட்டும் முழு 10 மார்க்னு போட்டுட்டாங்க. ஒரு வரி எழுதி அடிச்சு விட்டவனுக்கும் 10, இவளுக்கு ஒண்ணும் இல்ல. டிபார்ட்மென்ட் தலைவர் எச்ஓடி கிட்ட கேட்டா மார்க் ஏத்தியாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுங்கறார். பேசாம விட்டுடவா?
வாசகி, அல்சூர்

பதில்: விடாதீங்கம்மா. உங்க பொண்ணு பக்கம் நியாயம் இருக்கு, அதை ஒரு பேப்பர்ல போட்டு காட்டுற அளவுக்கு கணக்கும் இருக்கு.

மூணு பேரை எடுத்துக்கோங்க. ஒருத்தன் அந்த கேள்வியோட இருபது நிமிஷம் மல்லுக்கட்டி ஒண்ணும் வரல, மீதில 28. உங்க பொண்ணு அதை தொடல, மீதில 34. மூணாவது பையன் டியூஷன்ல எப்பவோ படிச்சிருந்தான், அதுல 8 எடுத்தான், மீதில 30. சொல்லிக்குடுத்த பாடத்துல யார் முதல்? உங்க பொண்ணு. இப்ப அந்த மிஸ் பண்ண மாதிரி எழுதினவங்களுக்கு மட்டும் 10 போட்டா முதல் பையன் 38, மூணாவது பையன் 40, உங்க பொண்ணு அதே 34. முதல்ல இருந்தவ கடைசிக்கு போயிட்டா. அவ பண்ண ஒரே காரியம் சிலபஸை சரியா தெரிஞ்சு வெச்சிருந்தது, அதுக்குத்தான் இந்த அடி.

இதை சரி பண்ண ரெண்டு நேர்மையான வழி இருக்கு. ஒண்ணு, எல்லாருக்கும் 10 போடுறது, அப்ப 38, 44, 40. இன்னொண்ணு, அந்த கேள்வியையே தூக்கிட்டு 40-க்கு வாங்குனதை 50-க்கு மாத்துறது, அப்ப 35, 42.5, 37.5. ரெண்டுலயும் வரிசை மாறல பாருங்க. வித்தியாசம் என்னன்னா எல்லாருக்கும் 10 போட்டா கீழ இருக்கவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா கிடைக்கும், முதல் பையனுக்கு 3 மார்க் அதிகம், உங்க பொண்ணுக்கு ஒன்றரை அதிகம். பேப்பர் ரொம்ப நீளம், அந்த கேள்வியால நேரம் போயிருச்சுனா எல்லாருக்கும் 10 போடுறதுதான் என் கட்சி, ஏன்னா நேரத்தை இழந்தவனுக்கு வேற எந்த வழியிலயும் அது திரும்ப வராது. நேரம் பிரச்சனை இல்லைனா கேள்விய தூக்குறது சுத்தமான வேலை. எது பண்ணாலும் சரி, கிளாஸ்ல உட்கார்ந்து எழுதின அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி பண்ணணும்.

நம்ம கர்நாடகாலயே பெரிய அளவுல இது நடந்திருக்கு. 2024-ல இன்ஜினியரிங் மாதிரி படிப்புக்கான மாநில நுழைவுத்தேர்வு கே-சிஇடில சிலபஸ்ல இருந்து எடுத்துட்ட பாடத்துல நிறைய கேள்வி வந்திருச்சு, பசங்க பெத்தவங்க எல்லாம் கத்துனதுக்கப்புறம் அந்த தேர்வை நடத்துற கேஇஏ 50 கேள்விய மதிப்பெண் கணக்குல இருந்தே தூக்கிட்டாங்க, எழுதினவன் எழுதாதவன்னு பாக்கல. அதுலயும் வருத்தப்பட்டவங்க உண்டு, அந்த கேள்விகளோட போராடி நேரத்தை விட்டவங்க. ஆனா ஒரு கூட்டத்துக்கு மட்டும் அள்ளிக்குடுக்கல.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் குடுத்தா என்ன ஆகும்னு அதே வருஷம் நீட்ல பாத்தோம். சில சென்டர்ல நேரம் போயிருச்சுனு 1,563 பேருக்கு ஒரு ஃபார்முலா வெச்சு கிரேஸ் மார்க் போட்டாங்க, சரியானதுக்கு 4, தப்புக்கு மைனஸ் 1-னு இருக்குற பரீட்சைல வரவே முடியாத 718, 719 எல்லாம் வந்துச்சு. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி கிரேஸ் வாபஸ் ஆச்சு, அந்த 1,563 பேருக்கும் மறுபடி எழுது, இல்ல கிரேஸ் இல்லாத உன் மார்க்கை வெச்சுக்கோனு சொன்னாங்க. நேரம் போனதை மார்க்கா மாத்தாம திரும்ப நேரமாவே குடுத்தது, அதுதான் சரி.

நம்ம பசங்களுக்கு வலிச்சது 2018 நீட். தமிழ் கேள்வித்தாள்ல 49 கேள்வில மொழிபெயர்ப்பு தப்புனு வழக்கு, ஹைகோர்ட் மதுரை கிளை ஒவ்வொண்ணுக்கும் 4 வீதம் 196 மார்க் தமிழ்ல எழுதின எல்லாருக்கும் போட சொன்னாங்க, சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கல. அன்னிக்கு நிறைய பேர் மனசு உடைஞ்சு போனாங்க. கேள்வித்தாள் தப்பா இருந்தது பசங்க குத்தம் இல்ல, அதுக்கு அவங்களுக்கு ஏதாவது செஞ்சிருக்கணும். ஆனா 720-ல 196-ங்கறது தமிழ்ல எழுதினவனுக்கும் அதே ஊர்ல இங்கிலீஷ்ல எழுதினவனுக்கும் நடுவுல இன்னொரு அநியாயத்தை உண்டாக்கியிருக்கும். அந்த கேள்விகளை மட்டும் சரியா மொழிபெயர்த்து திரும்ப எழுத விட்டிருக்கலாம்ங்கறது என் எண்ணம். தப்பை தேர்வு முடிஞ்சு கண்டுபிடிச்சா எந்த மருந்தும் முழுசா வேலை செய்யாது, கேள்வித்தாளை ரெண்டாவது ஆள் ஒருத்தர் முன்னாடியே படிச்சு பாக்குறதுதான் வழி. உங்க பொண்ணு காலேஜ்லயும் அது நடந்திருந்தா இந்த லெட்டரே வந்திருக்காது.

இப்ப என்ன பண்ணலாம்னா, பொண்ணே எழுதட்டும், நீங்க போய் நிக்காதீங்க. கூட நாலஞ்சு பேர் இதே மாதிரி விட்டவங்க இருப்பாங்க, சேர்ந்து கையெழுத்து போடட்டும். லெட்டர்ல மிஸ் மேல குத்தம் சொல்ல வேண்டாம். இத்தனாம் தேதி டெஸ்ட்ல இந்த நம்பர் கேள்வி இந்த சிலபஸ் பக்கத்துல இல்ல, அதை எல்லாருக்கும் ஒரே மாதிரி கணக்குல எடுக்கணும், எல்லாருக்கும் 10 போட்டாலும் சரி, தூக்கிட்டு 50-க்கு மாத்தினாலும் சரி, அவ்வளவுதான் எழுதணும். அடுத்தவன் மார்க்கை குறைங்கன்னு கேக்கவே கேக்காதீங்க, அங்கதான் கிளாஸ் ரெண்டா உடையும். எச்ஓடி மாட்டேன்னா காலேஜ்ல மாணவர் குறைதீர்ப்பு கமிட்டி இருக்கணும், பல்கலைக்கழக மானியக்குழுவோட (யுஜிசி) 2023 விதி அது. அதுக்கு மேல யுனிவர்சிட்டில ஓம்புட்ஸ்பர்சன்னு மாணவர் புகாரை விசாரிக்கிறவர் இருக்கார். மார்க் ஏத்தியாச்சுங்கறது காரணமே இல்ல, கூட்டல் தப்புனா திருத்துறாங்கல்ல, அதே மாதிரி இதையும் திருத்தலாம்.

கேள்வி: அக்கா, எங்க காலேஜ் ஆட்டானமஸ், ரிலேட்டிவ் கிரேடிங். ஒரு எலெக்டிவ்ல 78 எடுத்தும் எனக்கு பி பிளஸ். வேற காலேஜ்ல படிக்கிற ஃப்ரெண்டுக்கு 78-க்கு ஏ பிளஸ். எங்க எலெக்டிவ்ல மொத்தமே 30 பேர்தான். பெல் கர்வ்ங்கறதே நியாயமா?
வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: தம்பி, ரிலேட்டிவ் கிரேடிங், பெல் கர்வ்னா உன் மார்க்கை கிளாஸ்ல மத்தவங்க மார்க்கோட ஒப்பிட்டு, நடுவுல நிறைய பேர், ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் பேர்னு கிரேடு பிரிக்கிறது. முதல்ல அது உனக்கு எங்க உதவுச்சுனும் பாரு. பேப்பர் கடுமையா வந்து கிளாஸ் சராசரியே 42-ல நின்ன ஒரு சப்ஜெக்ட்ல 58 எடுத்தவனுக்கு ஏ கிடைக்குறது இதே முறையாலதான். மார்க்குக்கு நேரா கிரேடுனு வெச்சா பெரும்பாலான காலேஜ்ல அந்த 58-க்கு ஏ கிடைக்காது. யுஜிசியோட கிரெடிட் சிஸ்டம் வழிகாட்டில ரெண்டு முறைக்கும் அனுமதி இருக்கு, அதனால உன் காலேஜ் விதி மீறல.

ஆனா 30 பேர் எலெக்டிவ்ல பெல் கர்வ் போடுறது எனக்கு சரினு படல, அதை அழுத்தியே சொல்றேன். அந்த வளைவு நிறைய பேர் கலந்து எழுதும்போது வர்றது. நீங்க 30 பேரும் அந்த சப்ஜெக்ட் பிடிச்சு விரும்பி எடுத்தவங்க, பெரும்பாலும் எல்லாருமே நல்லா படிக்கிறவங்களா இருப்பீங்க. சராசரி 76, எல்லாரும் 65-க்கும் 88-க்கும் நடுவுல நெருக்கமா நின்னா 78-ங்கறது நடுவுல போய் விழும், வேற கிளாஸ்ல அதுவே உச்சில இருந்திருக்கும். பக்கத்துல யார் உட்கார்ந்தாங்கங்கறதை வெச்சு உன் கிரேடு மாறுது. இத்தனை பேருக்கு சி போட்டே ஆகணும்னு கோட்டா வெச்சா இன்னும் மோசம், நல்லா எழுதின ஒருத்தன் கீழ போயே ஆகணும். கூட படிக்கிறவனுக்கு நோட்ஸ் குடுத்தா நம்ம கிரேடு இறங்குமோனு பசங்க யோசிக்க ஆரம்பிச்சா கிளாஸ்ல என்ன படிப்பு நடக்கும் சொல்லு.

காலேஜ்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. இந்த மார்க்குக்கு மேல எடுத்தா கண்டிப்பா இந்த கிரேடுனு ஒரு அடி மட்டத்தை செமஸ்டர் ஆரம்பத்துலயே சொல்லிடணும், பேப்பர் கஷ்டமா போனா அந்த மட்டத்தை கீழ இறக்கலாம், மேல ஏத்தக்கூடாது. அப்ப வளைவு யாரையும் கீழ தள்ளாது. சில ஆசிரியர்கள் மார்க்கோட வர்க்கமூலத்தை பத்தால பெருக்குறாங்க, 36 எடுத்தவனுக்கு 60, 64-க்கு 80, 81-க்கு 90. கஷ்டப்பட்டவனுக்கு நல்ல தூக்கு, யாரும் யாரையும் தாண்ட மாட்டாங்க, கோட்டா கிடையாது, சின்ன கிளாஸுக்கு இது எவ்வளவோ மேல். அதையும் முன்னாடியே சொல்லிட்டு பண்ணணும். உங்க எலெக்டிவ் கமிட்டில ஸ்டூடன்ட் ரெப் இருந்தா இந்த அடி மட்டம் விஷயத்தை அஜெண்டால போட சொல்லு, அடுத்த பேட்சுக்காவது ஆகட்டும்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுறேன் மேடம். என் பையன் 2024-ல எஸ்எஸ்எல்சி கிரேஸ் மார்க்குல தேறுனான். இப்ப ஐடிஐ படிக்கிறான், நல்லாத்தான் போறான். ஆனா சொந்தக்காரங்க கல்யாணம் காதுகுத்துனு எங்க பாத்தாலும் கிரேஸ்ல பாஸான பையன்தானேனு அவன் முன்னாடியே சொல்றாங்க. அவன் எங்கயும் வர மாட்டேங்கறான். கிரேஸ் குடுத்தது தப்பா?
வாசகர், ஸ்ரீராம்புரம்

பதில்: அண்ணே, பையன் கிட்ட இதை காட்டுங்க. தம்பி, உன் மேல எந்த தப்பும் இல்ல. போர்டு ஒரு விதி போட்டுச்சு, அந்த விதிப்படி நீ பாஸ். யார் கிட்டயும் நீ கெஞ்சி வாங்கல.

அந்த வருஷம் என்ன நடந்துச்சுனு சொந்தக்காரங்களுக்கு தெரியாது, சொல்றேன் கேளுங்க. 2024-ல முதல் தடவையா எஸ்எஸ்எல்சி ஹால்ல எல்லாம் கேமரா வெச்சு வெப்காஸ்டிங் பண்ணாங்க. காப்பி அடிக்கிறது நின்னுச்சு, அது நல்லது. ஆனா அதோட சேர்ந்து ரிசல்ட் கீழ விழுந்துச்சு, முந்தின வருஷம் 83 சதவீதத்துக்கு மேல இருந்தது அந்த வருஷம் 73.40. அந்த 73-ம் கிரேஸ் போட்ட பிறகுதான். 10 சதவீதமா இருந்த கிரேஸை 20 ஆக்கினாங்க, கிரேஸ் வாங்க தகுதியா இருந்த 35 சதவீதத்தை 25 ஆக்கினாங்க. முதலமைச்சர் சித்தராமையாவே இதை கேள்வி கேட்டு அடுத்த வருஷம் வேண்டாம்னுட்டார்.

என் வருத்தம் கிரேஸ் குடுத்ததுல இல்ல, பரீட்சை எழுதி முடிச்சப்புறம் விதியை மாத்துனதுல. ஏன் மாத்துறோம், எந்த பாடம் கஷ்டமா வந்துச்சு, எத்தனை மார்க் சரி பண்ணணும்னு பாத்து பண்ணா அது திருத்தம். ரிசல்ட் சதவீதம் கீழ போயிருச்சேனு பொதுவா தூக்கிவிட்டா அது தேறுன பசங்க மேலயே ஒரு பேரா ஒட்டிக்குது, உங்க பையன் மேல ஒட்டுன மாதிரி. கேமரா வர்றது ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுக்குற விதத்தை மாத்தியிருக்கலாம், அதை பண்ணாம பசங்க தலைல கட்டினாங்க.

விதியை நடுவுல மாத்துறது எந்த பக்கமா இருந்தாலும் தப்புதான். 2017-ல சிபிஎஸ்இ இதுக்கு நேர் எதிரா, மார்க்கை தூக்குற மாடரேஷனை நிறுத்துறோம்னு பரீட்சையெல்லாம் நடந்துட்டு இருந்தப்ப முடிவெடுத்தாங்க. டெல்லி ஹைகோர்ட், இந்த வருஷ பசங்க பழைய விதியை நம்பி எழுதினவங்க, அதனால இந்த வருஷம் பழையபடியே போடுனு சொல்லிருச்சு. மாடரேஷன் நல்லதா கெட்டதாங்கறது வேற பேச்சு. அதுக்கு முந்தின வருஷங்கள்ல சிபிஎஸ்இல 95 மார்க்ல போய் கூட்டம் கூட்டமா பசங்க நின்னாங்க, ஐசிஎஸ்இல 2013 ரிசல்ட்டை மொத்தமா எடுத்து கிராஃப் போட்டு பாத்தப்ப 81, 82, 84, 85 மாதிரி பல மார்க் ஒருத்தருக்குமே விழல. லட்சம் பேர் எழுதுற பரீட்சைல அது தானா நடக்காது. எப்படி மாத்துறோம்னு வெளிய சொல்லாம மாத்துனதால பசங்க தங்க மார்க்கையே நம்ப முடியாம போச்சு.

சொந்தக்காரங்க அடுத்த தடவை சொன்னா நீங்க பையன் முன்னாடியே பதில் சொல்லுங்கண்ணே. அவன் ஐடிஐ ட்ரேட் என்னனு சொல்லுங்க, லேத்தா, வெல்டிங்கா, எலெக்ட்ரீஷியனா. அங்க அவன் கை வேலையை பாத்து மார்க் போடுறாங்க, அந்த மார்க்கை சொல்லுங்க. அப்பா தனக்காக பேசுறார்னு அவனுக்கு தெரியணும்.

கேள்வி: சென்னைல இருந்து மாத்தல் ஆகி வந்திருக்கோம். பையன் ஜேஇஇ மெயின் எழுதினான். இவன் ஷிஃப்ட்ல 150 மார்க், பர்சன்டைல் 92. இவன் ஃப்ரெண்டு வேற ஷிஃப்ட், 140-தான், அவனுக்கு 95. அதிக மார்க் வாங்குனவன் பின்னாடி நிக்கிறான், இது என்ன கணக்கு?
வாசகி, வைட்ஃபீல்ட்

பதில்: 2019-ல இருந்து ஜேஇஇ நடத்துற தேசிய தேர்வு முகமை (என்டிஏ) இப்படித்தான் போடுறாங்க. பர்சன்டைல்னா உங்க பையன் ஷிஃப்ட்ல எழுதினவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேர் அவன் மார்க்கோ அதுக்கு கீழயோ எடுத்தாங்கங்கறது. ஒரு லட்சம் பேர் எழுதினா 92,000 பேர் 150-லயோ அதுக்கு கீழயோ நிக்கிறாங்க, அதான் 92. ஃப்ரெண்டு ஷிஃப்ட் பேப்பர் கஷ்டம், 140 தொடறதே பெரிய விஷயமா இருந்திருக்கு, 95,000 பேர் அதை தாண்டல. ரெண்டு ஷிஃப்ட்லயும் ஒரே தரத்துல பசங்க இருக்காங்கனு வெச்சுக்கிட்டா இது நியாயமான கணக்குதான், யாருக்கு எந்த ஷிஃப்ட்னு அவங்களா தேர்ந்தெடுக்கல, லட்சக்கணக்குல எழுதுறாங்க, அதனால அந்த அனுமானம் பெரும்பாலும் நிக்கும். கம்மி பேர் எழுதுற பரீட்சைல இதே முறையை வெச்சா நான் எதிர்ப்பேன். 2024 நவம்பர்ல பிரயாக்ராஜ்ல உத்தரப்பிரதேச தேர்வாணையம் முன்னாடி பசங்க ராத்திரி பகலா உட்கார்ந்ததும் நார்மலைசேஷனுக்கு, அதாவது வேற வேற ஷிஃப்ட் மார்க்கை இப்படி ஒரே அளவுக்கு கொண்டு வர்ற கணக்குக்கு எதிராத்தான், கடைசில மாநில அரசு அதிகாரி வேலைக்கான பிசிஎஸ் முதல்நிலைத் தேர்வை ஒரே நாள்ல வெக்க ஒத்துக்கிட்டாங்க. ஒரே நாள், ஒரே பேப்பர் வெக்க முடிஞ்ச இடத்துல அதுதான் நல்லது.

இங்க கே-சிஇடிக்கும் போட்டிருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, இன்ஜினியரிங் ரேங்க்ல பன்னெண்டாவது மார்க்கும் சிஇடி மார்க்கும் பாதிப்பாதி. அதனால போர்டு பரீட்சையை விட்டுடாதீங்க. இந்த பாதிப்பாதிலயும் ஒரு சண்டை நடந்துச்சு, 2021-ல கொரோனானால பரீட்சை இல்லாம மார்க் வாங்குன பேட்ச் 2022-ல மறுபடி சிஇடி எழுதினப்ப அவங்க பியுசி (பன்னெண்டாவது) மார்க்கை சேர்க்கவே மாட்டோம்னாங்க, ஹைகோர்ட் வரைக்கும் போய், பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ்ல சராசரியா 6 மார்க் குறைச்சு சேர்த்துக்குறதுனு முடிஞ்சுச்சு. மொத்தமா தூக்கி போடுறதுக்கும் அப்படியே வெச்சுக்குறதுக்கும் நடுவுல வித்தியாசத்தை அளந்து குறைச்ச அந்த வழி எனக்கு பிடிச்சிருந்துச்சு.

கேள்வி: ஞாயித்துக்கிழமை பசங்களுக்கு தமிழ் சொல்லிக்குடுக்குறேன், சம்பளம் இல்லாம. வருஷக்கடைசில கட்டுரை திருத்தி பரிசு குடுக்கணும். கையெழுத்து அழகா இருந்தா கை தானா கூடுதல் மார்க் போடுது. என்ன பண்றது மேடம்?
வாசகி, மர்ஃபி டவுன்

பதில்: இதை கவனிச்சீங்க பாருங்க, அதுவே பெரிசும்மா. பேர் எழுதின பக்கத்தை மடிச்சு பின் பண்ணிடுங்க, வெறும் நம்பர் போடுங்க. ஒரு பையன் பேப்பரை முழுசா திருத்திட்டு அடுத்தவனுக்கு போகாம முதல் கேள்விய எல்லாருக்கும் திருத்துங்க, அப்புறம் கட்டை கலைச்சு ரெண்டாவது கேள்வி. முதல் பதில் நல்லா இருந்தா ரெண்டாவதுக்கும் சேர்த்து போடுறது அதுல நின்னுடும், ராத்திரி பத்து மணிக்கு களைப்புல திருத்துற அடிப்பக்கத்து பேப்பரும் தப்பிக்கும். கையெழுத்துக்கு மார்க் வேணும்னா தனியா 5 வெச்சுக்கோங்க, பசங்களுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, மீதி மார்க்கை அது தொடக்கூடாது. வீட்டுல தமிழ் பேசுற பசங்களும் கன்னடமோ இங்கிலீஷோ பேசி வளர்ற பசங்களும் ஒரே பெஞ்சுல இருப்பாங்க, அவங்களை ஒரே கோட்டுல நிறுத்தி ஒரே பரிசு குடுக்காதீங்க, ஜூன்ல எழுதின கட்டுரையையும் இப்ப எழுதினதையும் பக்கத்துல வெச்சு யார் ரொம்ப தூரம் வந்திருக்காங்கனு ஒரு பரிசு தனியா வையுங்க. திருத்தி முடிச்சதும் மேல இருந்து நாலு, கீழ இருந்து நாலு பேப்பரை இன்னொரு டீச்சர் கிட்ட உங்க மார்க்கை மறைச்சு குடுத்து திருத்த சொல்லுங்க, ரொம்ப வித்தியாசம் வந்தா உட்கார்ந்து பேசிட்டு அப்புறம் பரிசை அறிவிங்க.